எந்தக் கூடுதலால் வகுப்பது?

கேள்வி: இரு பண்புகளை நிரையிலும் நிரலிலும் வகைப்படுத்திக் காட்டும் இருவழி அட்டவணையிலிருந்து நிகழ்தகவு காணும்போது, ஒரு கட்டத்தில் உள்ள எண்ணைச் சில கணக்குகளில் மொத்த எண்ணிக்கையாலும், சிலவற்றில் நிரையின் கூடுதலாலும், வேறு சிலவற்றில் நிரலின் கூடுதலாலும் வகுக்கிறார்கள். எப்போது எதனால் வகுக்க வேண்டும் என்பதை எப்படி அறிவது?
– பதினோராம் வகுப்பு மாணவி, திண்டுக்கல்

பதில்: வகுக்கும் எண்ணை அட்டவணையில் தேடுவதற்கு முன் கேள்வியின் சொற்களில் தேடுங்கள். யாருக்குள்ளிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைக் கேள்வியே சொல்லிவிடும்.

புள்ளியியல் வகுப்புகளில் நெடுங்காலமாகக் கையாளப்படும் ஓர் உண்மையான கணக்கெடுப்பைக் கொண்டு இதைப் பார்ப்போம். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழக மாணவர்கள் 592 பேரின் முடி நிறத்தையும் கண் நிறத்தையும் வகைப்படுத்தி 1974-இல் வெளியான அட்டவணை அது. அதில் பொன்னிற முடி உடையவர்கள் 127 பேர், நீலக் கண் உடையவர்கள் 215 பேர், இரண்டும் ஒருங்கே அமைந்தவர்கள் 94 பேர்.

இந்த 592 பேரிலிருந்து சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்படும் ஒருவருக்குப் பொன்னிற முடியும் நீலக் கண்ணும் இருப்பதற்கான நிகழ்தகவு 94/592, அதாவது ஏறத்தாழ 0.16. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பொன்னிற முடி உடையவர் என்று முன்பே தெரிந்துவிட்டால், மற்ற 465 பேரும் கணக்கிலிருந்து விலகிவிடுகிறார்கள். எஞ்சிய 127 பேருக்குள் நீலக் கண் அமைவதற்கான நிகழ்தகவு 94/127, அதாவது 0.74. மாறாக, நீலக் கண் உடையவர் என்பது தெரிந்து, முடி பொன்னிறமாக இருக்கும் வாய்ப்பைக் கேட்டால் விடை 94/215, அதாவது 0.44.

பின்னிரண்டும் நிபந்தனை நிகழ்தகவுகள். அவற்றை ஒன்றென்று எண்ணுவதே மாணவர்களை மிகுதியாகத் தடுமாறச் செய்கிறது. ‘உடையவர்களுள்’, ‘எனத் தெரிந்திருக்கையில்’, ‘எனில்’ போன்ற சொற்களுக்கு அடியில் கோடிட்டுக்கொண்டு, அவை குறிக்கும் குழுவின் கூடுதலை வகுக்கும் எண்ணாக எழுதிய பிறகே கட்டத்தின் எண்ணைத் தேடுவது நல்ல பழக்கம். மருத்துவச் சோதனை முடிவுகளைப் படிக்கும்போதும் இந்த வேறுபாடு இன்றியமையாதது: நோய் உள்ளவர்களுள் எத்தனை பேருக்குச் சோதனை நோயைக் காட்டும் என்பதும், சோதனை நோயைக் காட்டியவர்களுள் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் உண்டு என்பதும் வெவ்வேறு கேள்விகள்.

பொன்னிற முடி ‘அல்லது’ நீலக் கண் என்று கேள்வி வந்தால், 127-ஐயும் 215-ஐயும் கூட்டி, இருமுறை எண்ணப்பட்ட 94-ஐக் கழிக்க வேண்டும். விடை 248/592.

இரு பண்புகளும் தொடர்புடையவையா என்பதையும் இதே அட்டவணை காட்டும். மொத்தத்தில் நீலக் கண்ணின் பங்கு 215/592, அதாவது 0.36, பொன்னிற முடியினருள் அதுவே 0.74 ஆக உயர்கிறது. கருமுடி உடைய 108 பேரில் நீலக் கண்ணினர் 20 பேரே என்பதால் 0.19 ஆகத் தாழ்கிறது. இவை ஒன்றையொன்று சாரா நிகழ்ச்சிகளாக இருந்திருந்தால், மூன்றும் ஏறக்குறைய ஒரே மதிப்பாக வந்திருக்கும். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் சேரும் கட்டத்தில் 127 × 215 / 592, அதாவது சுமார் 46 பேரை மட்டுமே எதிர்பார்த்திருப்போம். அங்கே இருப்பவர்கள் 94 பேர்.