'ஃப்ரெஸ்ஸன்' எங்கிருந்து வந்தது? கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மன் வகுப்பில் 'நான் சாப்பிடுகிறேன்' என்பதற்கு 'இஷ் ஃப்ரெஸ்ஸெ' என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். என்ன தப்பு?

பதில்: மனிதர் சாப்பிட்டால் 'எஸ்ஸன்', மாடோ நாயோ தின்றால் 'ஃப்ரெஸ்ஸன்'. ஒருவரைப் பற்றி ஃப்ரெஸ்ஸன் என்று சொன்னால், நாம் 'கொட்டிக்கிறான்' என்பதுபோல.

கேள்வி: அப்போ, பிறந்ததிலிருந்தே அது விலங்குக்கான சொல்தானா?

பதில்: இல்லவே இல்லை. நான் எல்லாரிடமும் சொல்ல ஆசைப்படுவது இதைத்தான். உள்ளே இருப்பது அதே எஸ்ஸன். முன்னால் 'ஃப்ரா' என்று ஓர் ஒட்டு இருந்தது. 'முழுக்க, மிச்சமில்லாமல்' என்று பொருள். அது தேய்ந்து தேய்ந்து வெறும் 'ஃப்ர்' ஆகி, வினையோடு ஒட்டிக்கொண்டது. 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற பிஷப், ஜெர்மனுக்கு உறவான கோதிக் என்ற பழைய மொழியில் செய்த பைபிளைப் பாருங்கள். வழியோரம் விழுந்த விதையைப் பறவைகள் வந்து தின்றுவிட்டன என்ற இடத்தில் 'ஃப்ரேட்டுன்' என்று வரும். பறவைதானே என்பீர்கள். சரி, ஊதாரி மகன் கதைக்கு வாருங்கள். 'உம் சொத்தைத் தின்று தீர்த்தவன்' என்று அண்ணன் அப்பாவிடம் பொருமுகிறானே, அங்கேயும் இதே வினைதான். தின்றவன் மனிதன், தின்றது சொத்து! இழிவுப் பொருள் பிறகு ஏறியதுதான்.

கேள்வி: ஆங்கில 'ஃப்ரெட்' (fret) இதற்குச் சொந்தமா?

பதில்: கூடப்பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் 'தின்று தீர்'. அப்புறம் 'அரி', கடைசியில் 'கவலைப்படு'. கவலை மனசை அரிக்கிறது என்று நாமும் சொல்கிறோமே. ஆங்கிலத்தில் ட் இருக்கும் இடத்தில் ஜெர்மனில் ஸ் வருவது வழக்கமான மாற்றம்: வாட்டர், வாஸர், ஈட், எஸ்ஸன்.

கேள்வி: 'சாப்பிட்ட' என்பதற்கு 'கெகெஸ்ஸன்' என்கிறார்கள். ஏன் இரண்டு 'கெ'?

பதில்: 'கெ' என்பது முடிந்த செயலைக் காட்டும் ஒட்டு. முதலில் கெ + எஸ்ஸன் சேர்ந்து 'கெஸ்ஸன்' ஆனது. உள்ளே ஒரு 'கெ' இருப்பதே மறந்துபோய், மக்கள் இன்னொன்றை முன்னால் வைத்தார்கள். 'அவை' பன்மைதான் என்பதை மறந்து 'அவைகள்' என்கிறோமே, அது மாதிரி.

கேள்வி: தமிழோடு ஏதாவது உறவு உண்டா?

பதில்: உண், தின் இரண்டும் நம்முடைய தனி வேர்கள், அவற்றுக்கு இதில் பங்கில்லை. ஆனால் 'அன்னம்' உண்டு. சமஸ்கிருதத்தில் 'அத்' என்றால் உண். அதோடு 'ன' சேர்ந்து 'அன்ன' ஆனது. அந்த 'அத்'தும், எஸ்ஸனும், லத்தீன் 'எடெரெ'யும் ஒரே வேர். பந்தியில் இலையில் விழும் அன்னத்துக்கு எஸ்ஸன் தூரத்துப் பங்காளி.