கோடையில் கால்பந்து, பனியில் பேண்டி

கேள்வி: அந்தக் காலத்து ஸ்வீடன் கால்பந்து வீரர்கள் பலர் ஐஸ் விளையாட்டுகளும் ஆடினார்களாமே! இரண்டையும் எப்படிச் சமாளித்தார்கள்?

பதில்: சமாளிக்க என்ன இருக்கிறது? குளிர்காலத்தில் மைதானமே உறைந்துவிடும், அப்புறம் பந்தை எங்கே உதைப்பது? பூட்ஸைக் கழற்றிவிட்டு ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு பேண்டி ஆடப் போய்விட்டார்கள். ஐஸ் மேல் சறுக்கியபடி வளைந்த மட்டையால் சின்னப் பந்தை அடிக்கிற ஆட்டம் அது. அணிக்கு 11 பேர், பாதிக்கு 45 நிமிடம், களமும் ஏறக்குறைய கால்பந்து மைதானம் அளவு. அதனால் கால்பந்து தெரிந்தவனுக்குப் பாதி பேண்டி வந்த மாதிரிதான்.

உப்சாலா ஊர் சூனே ஆல்ம்க்விஸ்ட் (1886–1975) நல்ல உதாரணம். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்வீடன் கால்பந்து அணியில் இருந்தார். பிரிட்டனிடம் 12–1 என்று செம அடி. பேண்டியில் கதையே வேறு. அவருடைய ஐஎஃப்கே உப்சாலா கிளப்தான் 1907-இல் நடந்த முதல் ஸ்வீடன் சாம்பியன்ஷிப்பை வென்றது.

இதைவிட வேடிக்கை 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக். ஸ்வீடனில் ஐஸ் ஹாக்கி அப்போது புத்தம் புதுசு, அதனால் பேண்டி ஆட்டக்காரர்களைத் திரட்டித்தான் அணியே அனுப்பினார்கள். கனடாவிடம் தோற்றது எத்தனைக்குத் தெரியுமா? அதே 12–1! ஆனால் ஐனார் ஸ்வென்சன் அடித்த அந்த ஒற்றை கோல் இருக்கிறதே, அந்த ஒலிம்பிக் முழுக்கக் கனடா வாங்கிய கோல் அது ஒன்றுதான்.