கோல்டன் குட்டியைப் புற்றுநோய் ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: டெக்சஸில் டாலஸ் பக்கம் வசிக்கிறோம். எங்கள் கோல்டன் ரெட்ரீவர் போன வருடம் ஒன்பது வயதில், மண்ணீரலில் இருந்த புற்றுக்கட்டி வெடித்து ஒரே ராத்திரியில் போய்விட்டது. இப்போது எட்டு மாதப் பெண்குட்டி வந்திருக்கிறாள். ஆயுள் முழுக்க நாய்களைத் தொடர்ந்து கவனிக்கும் புற்றுநோய் ஆய்வு நடக்கிறதாமே, அதில் இவளைச் சேர்க்க ஆசை. என் கணவரோ, “பிள்ளை மாதிரி வளர்க்கிறதை எலி ஆக்கப் போறியா?” என்கிறார். சேர்த்துவிட்டால் நாளைக்கு நோய் வந்தால் வைத்தியம் இலவசமா? எங்கே, எப்படிப் பதிவது?
— ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது டென்வரில் உள்ள மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன் நடத்தும் கோல்டன் ரெட்ரீவர் ஆயுட்கால ஆய்வாகத்தான் இருக்கும். அதில் இனி இடமில்லை. 2012-ல் சேர்க்கை தொடங்கி, 3,044 நாய்கள் சேர்ந்ததும் 2015-ல் முடித்துவிட்டார்கள். சேரும்போது ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில் இருந்த, மூன்று தலைமுறை வம்சாவளிச் சான்று உள்ள நாய்களை மட்டும் எடுத்தார்கள். அன்றைக்குக் குட்டியாக இருந்தவை எல்லாம் இன்று கிழடுகள், பல போயும் சேர்ந்துவிட்டன. நடுவில் புதுக் குட்டிகளைச் சேர்த்தால் கணக்கே கலைந்துவிடும்.

உங்கள் கணவரின் பயத்துக்கு வருவோம். ‘நாய் ஆய்வு’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேறு விஷயங்கள் உலவுகின்றன. முதல் வகை வெறுமனே கவனிப்பது. நாய் உங்கள் வீட்டிலேயே, உங்கள் சாப்பாட்டிலேயே இருக்கும். வருடா வருடம் கேள்வித்தாளும், சில ஆய்வுகளில் ரத்தம், சிறுநீர், மலம், முடி, நகத்துண்டு மாதிரிகளும் கேட்பார்கள். ஊசி என்றால் வருடாந்திரப் பரிசோதனையில் குத்தும் அதே ஊசிதான். இரண்டாவது, நோய் வராமல் தடுக்க மருந்தோ தடுப்பூசியோ போட்டுப் பார்ப்பது. 2019-ல் கொலராடோ, விஸ்கான்சின், கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகங்களில் 800 நாய்களையாவது சேர்க்கும் இலக்கோடு தொடங்கிய புற்றுநோய்த் தடுப்பூசிச் சோதனை இந்த ரகம். பாதி நாய்களுக்குத் தடுப்பூசி, பாதிக்கு வெற்று ஊசி. எது யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். மூன்றாவது, நோய் வந்த நாய்க்குப் புது வைத்தியம் பார்ப்பது. கணவர் யோசிக்க வேண்டியது இரண்டாவதையும் மூன்றாவதையும் பற்றி. முதல் வகையில் எலி ஆக்க ஒன்றுமில்லை.

அதே காரணத்தால் முதல் வகையில் இலவச வைத்தியமும் கிடையாது. கட்டி வந்தால் அறுவைக்கும் கீமோதெரபிக்கும் பணம் உங்களுடையதுதான். வைத்தியம் இலவசம் என்று நம்பிச் சேர்ந்தவர்கள்தான் நோய் வந்த அன்று கோபத்தோடு விலகுகிறார்கள். காப்பீடு எடுப்பதாக இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீட்டு நிறுவனத்தார் பணம் தர மாட்டார்கள்.

அப்படியானால் எதற்காக இத்தனை வருடம்? நோய் வந்த பிறகு ‘என்ன கொடுத்தீர்கள், எங்கே விளையாடியது’ என்று கேட்டால், துக்கத்தில் இருப்பவர் புல்வெளிக்கு அடித்த களைக்கொல்லியைத் தேடிப் பிடித்து நினைவுகூர்வார். நல்லபடியாக இருக்கும் நாயின் சொந்தக்காரருக்கு அதே மருந்து ஞாபகமே இருக்காது. பழைய மருத்துவமனைப் பதிவுகளைப் புரட்டினாலும் சிக்கல் உண்டு. 2013-ல் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் தங்கள் மருத்துவமனைக்கு வந்த 759 கோல்டன்களின் பதிவுகளை வைத்து, கருத்தடை செய்த வயதுக்கும் மூட்டுக்கோளாறு, புற்றுநோய்க்கும் தொடர்பு காட்டினார்கள். பயனுள்ள ஆய்வுதான். ஆனால் பெரிய மருத்துவமனைக்கு வரும் நாய்களில் நோயாளிகளே அதிகம். நோய் தலைகாட்டும் முன்பே பதிலை எழுதி வாங்கி வைத்தால்தான் இந்தக் கோணல் நிமிரும். ஆயுட்கால ஆய்வு குறிவைத்தது நான்கு புற்றுகளை: லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்று, ஆஸ்டியோசர்கோமா என்கிற எலும்புப் புற்று, தோலில் வரும் மாஸ்ட் செல் கட்டியின் தீவிர ரகம், உங்கள் நாயைக் கொண்டுபோனதாகத் தெரிகிற ஹீமாஞ்சியோசர்கோமா என்கிற ரத்தநாளப் புற்று. புற்று அல்லாத விஷயங்களிலும் அதிலிருந்து பலன் கிடைத்தது. எந்த வயதில் கருத்தடை செய்தாலும் உடல் பருக்கும் வாய்ப்பு கூடுகிறது, ஆறு மாதத்துக்கு முன் செய்தால் மூட்டு, தசைநார்க் காயங்களும் கூடுகின்றன என்று 2019-ல் வெளியிட்டார்கள். உங்கள் குட்டி ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டாள். கருத்தடைத் தேதியை மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள், எந்த ஆய்வுக்காகவும் அதைத் தள்ளவோ முந்தவோ வேண்டாம்.

இன்று உங்களுக்குப் பொருந்துவது டாக் ஏஜிங் ப்ராஜெக்ட். வாஷிங்டன் பல்கலைக்கழகமும் உங்கள் மாநிலத்தின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கியது. புற்று மட்டுமல்ல, முதுமையோடு வரும் எல்லாமே அதில் அடக்கம். அமெரிக்காவில் வாழும் எந்த இன நாயும், கலப்பினமும், எந்த வயதிலும் சேரலாம் என்ற அடிப்படையில் 50,000-க்கும் மேற்பட்டவை சேர்ந்திருக்கின்றன. ஒரு வீட்டுக்கு ஒரு நாய். விதிகள் மாறக்கூடியவை, அதனால் பதியும் நாளில் அவர்கள் தளத்தில் ஒருமுறை படித்துவிடுங்கள். முதலில் நாயின் பெயரை முன்மொழிந்து கணக்குத் தொடங்க வேண்டும். அப்புறம் வரும் ஆரோக்கிய, வாழ்க்கைமுறைக் கேள்வித்தாள் நீளமானது, ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காதீர்கள். அடுத்து மருத்துவப் பதிவுகளை ஏற்ற வேண்டும். மாதிரிகள் எல்லோரிடமும் கேட்பதில்லை. தேர்ந்தெடுத்த நாய்களுக்கு மட்டும் அஞ்சலில் பெட்டி வரும்.

பதிவுகளை இன்றே சேகரிக்க ஆரம்பியுங்கள். வளர்த்து விற்றவரிடம் வம்சாவளித் தாள், மைக்ரோசிப் எண், தடுப்பூசி அட்டை மூன்றையும் வாங்குங்கள். உண்ணி மருந்து, இதயப்புழு மருந்து ஒவ்வொன்றின் பெயர், அளவு, கொடுத்த தேதி வேண்டும். தீவனப் பையை மாற்றும்போதெல்லாம் லேபிளையும் லாட் எண்ணையும் போட்டோ எடுங்கள். எடையை எப்போதும் ஒரே தராசில் பாருங்கள். கிளினிக்கை மாற்றினால் பழைய இடத்திலிருந்து முழுப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். ரசீது போதாது.

சாப்பாட்டைப் பற்றி உண்மையை எழுதுங்கள். நம் வீடுகளில் தட்டிலிருந்து ஒரு துண்டு இட்லி, கையளவு தயிர்சாதம் போகாமல் இருக்காது. வெட்கப்பட்டு ‘வெறும் தீவனம்’ என்று எழுதினால் அந்த நாயின் பதிவே தப்பாகிவிடும். ஆய்வுக்காக உணவை மாற்றவும் வேண்டாம். சாம்பார் சாதம் மட்டும் ஆய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூடாது, வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மாதிரி கொடுக்கும் நாளை திங்கள் முதல் புதனுக்குள் வையுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பியது கூரியர் கிடங்கில் இரண்டு நாள் கிடந்து கெட்டுப்போகும். முந்தைய இரவோடு சாப்பாட்டை நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். சாப்பிட்ட நாயின் சீரம் பால் கலந்த மாதிரி கொழுப்போடு கலங்கி, பல அளவீடுகளைக் கெடுக்கும். ரத்தம் எடுக்கும் ஊதா மூடிக் குழாயைக் கோடுவரை நிரப்பச் சொல்லுங்கள். ரத்தம் குறைந்து, குழாயில் உள்ள உறையாமை மருந்து மிஞ்சினால் சிவப்பணுக்கள் சுருங்கி, எண்ணிக்கை பொய் சொல்லும். குழாயைத் தலைகீழாக மெதுவாகத் திருப்ப வேண்டும், குலுக்கினால் அணுக்கள் உடையும். பெண்நாயிடம் சிறுநீர் பிடிக்கக் கிண்ணம் உதவாது, குந்தும்போது இடமே இருக்காது. சோப்பு வாடை இல்லாத தட்டையான தட்டை அடியில் நழுவவிட்டுப் பிடித்து, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள்.

இத்தனை வருட உழைப்பும் கோட்டை விடப்படுவது கட்டி வரும் நாளில்தான். கழுத்தில் நிணநீர்க் கணு வீங்கியதும் ஏதாவது ஒரு கிளினிக்கில் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துவிடுவார்கள். நான்கு நாளில் வீக்கம் வடியும், குடும்பமே நிம்மதி அடையும். லிம்போமாவாக இருந்தால் அதற்குப் பிறகு திசுவில் நோயைக் கண்டுபிடிப்பதே கஷ்டம், கீமோ கேட்பதும் குறையும். கணுவிலிருந்து திசு எடுத்த பிறகே ஸ்டீராய்டு என்று கேட்டு வாங்குங்கள். தோலில் சின்ன உருண்டை தட்டுப்பட்டால் பிதுக்கிப் பார்க்க வேண்டாம். மாஸ்ட் செல் கட்டியானால் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் கொட்டி வீங்கும். மருத்துவரிடம் காட்டுங்கள், ஊசியால் உறிஞ்சிப் பார்ப்பது சில நிமிட வேலை. மண்ணீரல் வெடித்தால் வெளிறிய ஈறும் தள்ளாட்டமுமாக நடுராத்திரி அவசரப் பிரிவுக்கு ஓடுவீர்கள். அங்கே உள்ள மருத்துவருக்கு ஆய்வைப் பற்றி ஒன்றும் தெரியாது. எடுத்த மண்ணீரலில் ஒரு சின்னத் துண்டை மட்டும் அனுப்பினால் அது வெறும் ரத்த உறைவாக இருந்துவிடலாம், புற்று பக்கத்தில் ஒளிந்திருக்கும். முழு உறுப்பையும் நோய்க்குறியியல் கூடத்துக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். திசுவைக் கெடாமல் வைக்கும் திரவமான ஃபார்மலின், திசுவின் அளவைப் போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். ஆகவே நாயின் ஆய்வு எண், தொடர்பு எண், ‘திசுவைத் தூக்கி எறியாதீர்கள்’ என்ற வரி மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவிலும் கைப்பேசியிலும் வையுங்கள்.

புது வைத்தியச் சோதனைகளைத் தேட அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் விலங்கு ஆய்வுத் தரவுத்தளம் இருக்கிறது. நோயின் பெயரையும் மாநிலத்தையும் இட்டால் பட்டியல் வரும். அவற்றில் சில மருந்துச் செலவை ஏற்கும், ஆனால் ஏற்கெனவே கீமோ தொடங்கிய நாயைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். கண்டுபிடித்த அன்றே பாருங்கள்.

எதில் கையெழுத்திடும் முன்பும் ஒப்புதல் படிவத்தில் நான்கு இடங்களைத் தேடுங்கள்: பரிசோதனைச் செலவு யாருடையது, முடிவை உங்கள் மருத்துவருக்குத் தருவார்களா, மாதிரியை வேறு யாருக்குக் கொடுப்பார்கள், நீங்கள் விலகினால் கொடுத்த மாதிரி என்னவாகும். விலகுவது உங்கள் உரிமை. ஆனால் நாய் நோய்ப்பட்டதும் விலகுபவர்கள் அதிகமானால் மீந்தவை எல்லாம் ஆரோக்கியமாகத் தெரியும், ஆய்வே சாயும்.

கடைசியாக உடற்கூறாய்வு. சம்மதித்தால் உடலைக் குளிரில் வைக்க வேண்டும், உறைய வைக்கக் கூடாது. பனிப்படிகம் செல்களைக் கிழித்துவிடும். ஒரு நாளுக்குள் கொண்டுபோக வேண்டும். முடிந்த பிறகும் தகனம் செய்து சாம்பலைப் பெறலாமா என்று அந்த இடத்திலேயே கேட்டு வையுங்கள். இதைத் துக்கத்தின் நடுவே முடிவு செய்ய முடியாது. உங்கள் கணவருடன் இப்போதே பேசுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி ஓட்டப்போவது அவராகவும் இருக்கலாம்.