நார்ச்சத்தும் மலமிளக்கியும் பலன் தராத நாள்பட்ட மலச்சிக்கலுக்கு இடுப்புத்தளத் தசை காரணமாக இருக்குமா?

இருக்கலாம். இத்தகைய மலச்சிக்கல் உள்ளவர்களில் பலருக்குக் குடல் மலத்தை ஒழுங்காகவே கீழே கொண்டுவந்து சேர்க்கிறது, வெளியேற்றத்தில்தான் தகராறு. மலக்குடலின் அடிப்பகுதியை, இடுப்பின் அடியில் தாங்கி நிற்கும் இடுப்புத்தளத் தசைகளில் ஒன்று கவண்வார் போலச் சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. மலம் கழிக்கும்போது அதுவும் ஆசனவாய்ச் சுருக்குத்தசையும் தளர்ந்தால்தான் அங்குள்ள வளைவு நிமிர்ந்து வழி விடும். சிலருக்கு அந்த நேரத்தில் அவை தளராமல் இறுகுகின்றன. முக்க முக்க வழி அடைபடுகிறது. யாரும் வேண்டுமென்று செய்வதல்ல இது.

மலம் இளகியிருந்தும் நெடுநேரம் முக்குவது, முழுதும் போகாத உணர்வு, விரலால் எடுக்க நேர்வது (கூச்சத்தால் பலர் மருத்துவரிடம் சொல்லாமல் விடுவது இதைத்தான்) ஆகியவை சந்தேகத்தை எழுப்பும். ஆனால் அறிகுறிகளை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. மருத்துவர் விரலால் பரிசோதிப்பார். பிறகு ஆசனவாய் அழுத்த அளவீடும், சுமார் 50 மில்லி நீர் நிரப்பிய பலூனை வெளியேற்றும் சோதனையும் செய்யப்படும்.

சிகிச்சையில் முதலிடம் பயோஃபீட்பேக் பயிற்சிக்கு. தசை இயங்குவதைத் திரையில் பார்த்தபடியே, வயிற்றால் அழுத்திக்கொண்டு அடியிலுள்ள இந்தத் தசைகளைத் தளர்த்தக் கற்றுக்கொள்வீர்கள். இறுக்கிப் பிடிக்கும் கெகல் பயிற்சியை நீங்களாகவே தொடங்காதீர்கள். இங்கே முதன்மைக் குறை பலவீனமல்ல, தளராமை. மலத்தில் இரத்தமோ காரணமில்லாத எடைக்குறைவோ இருந்தால் பெருங்குடல் பரிசோதனையே முதலில்.