குடிலுக்குப் புல் விதைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

டிசம்பர் பிறந்ததும் என் மாமியார் தாம்பாளத்தில் மண் பரப்பி, ஊறவைத்த கம்பும் கேழ்வரகும் தூவுவார். பண்டிகைக்குள் கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி வைக்கப் பசும்புல் தயாராகிவிடும். இந்த வருடம் கொழுந்தனார், "இது அம்மன் கோயில் முளைப்பாரி, நமக்கு ஆகாது, கடையில் பிளாஸ்டிக் புல் வாங்குங்கள்" என்கிறார். அத்தை மனம் நொந்து பேசாமல் இருக்கிறார். நான் என்ன செய்ய?

எஸ்., ஒத்தக்கடை

அன்புள்ள எஸ்.,

விதையுங்கள். அத்தையையே விதைக்கச் சொல்லுங்கள்.

பிரான்சின் தெற்கே புரோவென்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பரா திருநாளன்று தட்டில் கோதுமையை முளைக்கப் போடுவார்கள். அது செழித்தால் வரும் வருடம் நன்றாக இருக்கும் என்று நம்பிக்கை. கிறிஸ்துமஸுக்கு அந்தத் தட்டு விருந்து மேசையிலும் குடிலிலும் இருக்கும். அங்கே யார் அம்மனுக்கு முளைப்பாரி எடுத்தார்கள்? குடில் வழக்கத்தைப் பரவச் செய்த அசிசி பிரான்சிஸும் 1223இல் கிரேச்சோ என்ற ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்துத்தான் அதைச் செய்தார்.

முளைப்பாரிக்கும் இதற்கும் உறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். மதுரைப் பக்கம் பிறந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வளர்கிறோம். ஆனால் முளைப்பாரியை வெயில் படாமல் வளர்ப்பார்கள், முளை வெளிறி நெட்டையாக வரும். குடில் புல்லுக்கு வெயில் வேண்டும். வேண்டுதலும் வேறு.

கொழுந்தனாரின் சந்தேகம் இந்த ஊருக்குப் பழையது. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி காவி உடுத்தி, சைவம் சாப்பிட்டு, இங்குள்ள வழக்கங்களோடு கிறிஸ்தவ வேதம் சொன்னார். பூணூலும் குடுமியும் சந்தனமும் கிறிஸ்தவர்களுக்கு ஆகுமா என்று ரோம் வரை புகார் போனது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவற்றை அனுமதித்தார். அதற்கே அனுமதி கிடைத்தபோது ஒரு தட்டுப் புல்லுக்கு என்ன தடை?

எனக்குப் பெரிய கவலை அந்த பிளாஸ்டிக் புல்தான். அதில் பிள்ளைகளுக்கு என்ன வேலை இருக்கிறது? காலையில் எழுந்ததும் ஓடிப்போய், இன்று எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்களே, கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலம் அவர்களுக்கு அப்படித்தான் புரிகிறது.

அப்புறம், கேழ்வரகு மெதுவாகத்தான் எழும்பும், பனி நேரத்தில் இன்னும் தாமதமாகலாம். இன்றைக்கே ஊறப்போடுங்கள். தாம்பாளத்தை மொட்டை மாடி வெயிலுக்குத் தூக்கிப் போகும் வேலையைக் கொழுந்தனாரிடம் கேட்டுப் பாருங்கள். அத்தை கேட்டால் மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஜனவரியில் குடிலைப் பிரித்ததும் புல்லை ஆட்டுக்குப் போடலாம்.