தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்த கடன் ஏப்ரல் வரை

கேள்வி: நானும் கணவரும் சென்னையில் தனியார் வேலையில் இருக்கிறோம். பிடித்தமெல்லாம் போக இருவருக்கும் சேர்த்து மாதம் 1,05,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை, பள்ளிக் கட்டணம் போகப் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. மாமனார் வீடு தென்காசி பக்கம், என் அம்மா வீடு கோவில்பட்டி. 9 வயதில் ஒரு பையன், 4 வயதில் ஒரு பெண். போன தீபாவளிக்கு, போனஸ் வந்ததும் டிக்கெட் போடலாம் என்று இருந்தோம். ரயிலில் இடமே இல்லை. ஆம்னி பஸ்ஸில் போய், திரும்பும்போது டாக்சி பிடித்து வந்தோம். மொத்தம் 52,600 ரூபாய். அதில் 40,000 ரூபாயை கிரெடிட் கார்டில் ஆறு மாத இஎம்ஐயாக மாற்றினோம். அது முடிவதற்குள் பொங்கல் வந்துவிட்டது. ஒவ்வொரு பண்டிகைக்கும் முன்னால் வீட்டில் சண்டை. பெரியவர்கள் இருப்பதால் போகாமலும் இருக்க முடியாது. கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: செலவை வரிவரியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. மற்றவர்களும் பார்க்கட்டும் என்று அந்தக் கணக்கை இங்கே தருகிறேன். போகும்போது ஆம்னி பஸ் மூன்று டிக்கெட் 8,700. வீட்டிலிருந்து கிளாம்பாக்கம் போன வண்டி 900. தென்காசிக்கும் கோவில்பட்டிக்கும் போய்வர டாக்சி 4,500. சென்னை திரும்பிய டாக்சி 15,500. துணி, பட்டாசு, இனிப்பு 17,000. சின்னப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கையில் கொடுத்தது 6,000.

துணிக்கும் பட்டாசுக்கும் இவ்வளவா என்றுதான் இருவரும் சண்டை போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பணம் ஓடியது அந்தப் பக்கம் இல்லையே! போக்குவரத்து மட்டும் 29,600 ரூபாய். சென்னையிலிருந்து தென்காசிக்கு ரயிலில் த்ரீ ஏசி என்றாலும் ஆளுக்கு 1,100 ரூபாய் சுற்றளவில்தான் வரும். பெண்ணுக்கு 5 வயது ஆகாததால் படுக்கை கேட்காதவரை டிக்கெட் வேண்டாம். மூன்று பேருக்குப் போக, வர 6,600. ஸ்லீப்பர் என்றால் அதில் பாதிகூட ஆகாது. சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த 6,000 ரூபாயைப் பற்றி மாமியார் முன்னால் பேசி மனஸ்தாபம் ஆனதெல்லாம் தேவையே இல்லாத வேலை.

இஎம்ஐ வட்டி பற்றியும் குற்ற உணர்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன 16 சதவீத வட்டிக்கு, ஜிஎஸ்டி, செயலாக்கக் கட்டணம் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்கு ஏறக்குறைய 2,400 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். வருத்தம்தான், ஆனால் அதனால் குடும்பம் முழுகிவிடாது. மூழ்கடித்தது அந்த மாதத் தவணை 7,000 ரூபாய். ஜனவரியில் பொங்கல் டிக்கெட்டுக்கு இருக்கவேண்டிய பணம் அக்டோபர் டாக்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால் பொங்கலுக்கும் கடைசி நேர டிக்கெட், அதே விலை.

இனி மூல காரணத்துக்கு வருகிறேன். "போனஸ் வந்ததும் டிக்கெட் போடலாம்" என்ற அந்த ஒரு வரி. ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்னால் திறக்கும். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள். நீங்கள் கிளம்பிய 2025 அக்டோபர் 17 வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் திறந்த நாள் ஆகஸ்ட் 18, காலை 8 மணி. போனஸ் வந்தது அக்டோபர் முதல் வாரம். நடுவில் ஏழு வாரம். தென்மாவட்ட ரயில்களில் பண்டிகை டிக்கெட் தீர்ந்துபோகச் சில நிமிடம் போதும் என்பது எழும்பூர் பக்கம் யாரைக் கேட்டாலும் தெரியும். போனஸை நம்பி டிக்கெட் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான். நானும் ஒரு காலத்தில் கோயம்பேட்டில் கைக்குழந்தையோடு நின்று, வழக்கமான கட்டணத்தைப்போல் மூன்று மடங்கு கொடுத்துக் கடைசி இருக்கையில் போனவன்தான். சம்பளம் கம்மியாக இருந்தது உண்மை. அதைவிட, காலண்டரைப் பார்க்காததுதான் காரணம்.

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்பதால் ஊரே வெள்ளிக்கிழமை, 6ஆம் தேதி இரவு கிளம்பும். நீங்கள் வியாழன், 5ஆம் தேதி கிளம்புங்கள். அதற்கு முன்பதிவு செப்டம்பர் 6, ஞாயிறு காலை திறக்கும். திரும்புவது 8ஆம் தேதி இரவோ 9ஆம் தேதியோ வேண்டாம். செவ்வாய், 10ஆம் தேதி இரவு என்று வையுங்கள். முன்பதிவு செப்டம்பர் 11. இருவரும் சேர்ந்து ஆளுக்கு மூன்று நாள் விடுப்பு எடுக்கவேண்டி வரும். போன வருஷம் திரும்பி வந்த டாக்சிக்கு மட்டும் 15,500 கொடுத்தீர்கள், ஞாபகம் இருக்கட்டும். வீட்டிலிருந்தே வேலை செய்யும் வசதி இருந்தால் வெள்ளிக்கிழமை ஊரிலிருந்து மடிக்கணினியைத் திறந்துகொள்ளலாம்.

ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இணைத்துச் சரிபார்த்துவிட்டீர்களா என்று இன்றே பாருங்கள். முன்பதிவு திறக்கும் நேரத்திலும் தட்கலிலும் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்குத்தான் இப்போது இடம். செப்டம்பர் 6 காலை 7.55க்கு ஓடிபி வரவில்லை என்று தவிப்பதில் பயனில்லை. பயணிகள் பட்டியலில் மூன்று பெயரையும் முன்பே சேமித்து வையுங்கள். பையனுக்குப் படுக்கை வேண்டாம் என்று போட்டால் அரைக் கட்டணம்தான். ஆனால் இரவுப் பயணத்தில் ஒரு படுக்கையில் இரண்டு பேர் நெளிவதற்கு அந்தச் சில நூறு ரூபாயைக் கொடுத்துவிடலாம் என்பது என் கட்சி.

உங்களுக்கு இரண்டு ஊர் இருப்பதைத் தொல்லையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது வசதியாகத் தெரிகிறது. தென்காசிக்குப் பொதிகை, கொல்லம் எக்ஸ்பிரஸ், வாரத்தில் சில நாள் சிலம்பு என்று எண்ணிவிடக்கூடிய ரயில்கள்தான். கோவில்பட்டி வழியாகவோ நெல்லை, கன்னியாகுமரி, முத்துநகர், அனந்தபுரி எனப் பல ரயில்கள் ஓடுகின்றன. நாகர்கோவில் வந்தே பாரத்தும் அங்கே நிற்கும், ஆனால் அதில் பையனுக்கு அரைக் கட்டணம் கிடையாது. ஆகவே போகும்போது பொதிகையில் தென்காசி, தீபாவளி முடிந்து பஸ்ஸில் கோவில்பட்டி, அங்கிருந்தே சென்னைக்கு ரயில். தென்காசிக்குத் திரும்பிப் போகும் வேலையே இல்லை. 4,500 ரூபாய் டாக்சியும் போய்விடும். அடுத்த வருஷம் வரிசையை மாற்றி, முதலில் உங்கள் அம்மா வீடு. இதைக் கணவரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள். டிக்கெட்டைவிடச் சிக்கலான சமாச்சாரம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவ்வளவும் செய்தும் இடம் கிடைக்காவிட்டால்? மதுரை வரைக்கும் தேடுங்கள். பகல் ரயிலானாலும் பரவாயில்லை. மதுரையிலிருந்து தென்காசிக்கும் கோவில்பட்டிக்கும் அரசுப் பேருந்து இருக்கிறது. அல்லது அதே வாரத்திலேயே அரசு விரைவுப் பேருந்தில் முன்பதிவு செய்துவிட்டு, ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட்டும் போட்டு வையுங்கள். பட்டியல் தயாரான பிறகும் மூவருக்குமே இடம் வரவில்லை என்றால் ஆளுக்கு 60 ரூபாயும் வரியும் பிடித்துக்கொண்டு மீதி கணக்குக்குத் திரும்பிவிடும். தட்கலை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர் என்று இருவரும் அலுவலகத்தில் கைபேசியும் கையுமாக உட்கார்ந்து, கிடைக்காமல், பிறகு ஆம்னி பஸ்ஸைத் தேடும்போது அங்கே விலை உச்சத்தில் இருக்கும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாய் திரும்பாது என்பதும் இருக்கிறது.

சரி, செப்டம்பரில் டிக்கெட் போடப் பணம்? ஏப்ரலில் உங்கள் இஎம்ஐ முடிந்தது. அதுவரை மாதம் 7,000 ரூபாய் எப்படியோ கட்டினீர்கள். மே மாதத்திலிருந்து அந்த 7,000 எங்கே போகிறது? நீங்கள் அனுப்பிய கணக்கில் தேடிப்பார்த்தேன், கண்ணில் படவில்லை. வீட்டுச் செலவு அதைச் சாப்பிட்டுவிட்டது. வங்கிக்குக் கட்ட முடிந்ததை உங்களுக்கே கட்டிக்கொள்ளலாம் இல்லையா? முழு 7,000 கூட வேண்டாம். தீபாவளிப் பயணம் 9,000, மற்றச் செலவு 20,000. பொங்கல் பயணம் 9,000, மற்றச் செலவு 6,000. மே மாத விடுமுறைக்கு 8,000. வருஷத்துக்கு 52,000. மாதம் 4,350 ரூபாய். போன வருஷம் ஒரே தீபாவளிக்குச் செய்த செலவில் மூன்று பயணம்.

சம்பளம் வந்த மறுநாளே இது தனியாக ஒரு சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்யுங்கள். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு பீரோவில் இருக்கட்டும். ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் டிக்கெட் பணம் ஒரு மாதம், துணிப் பணம் வேறு மாதம் என்று தேவை சிதறி வருவதால் சாதாரணச் சேமிப்புக் கணக்கே வசதி. இவ்வளவு சிறிய தொகைக்கு வட்டி வித்தியாசத்தைப் பார்க்காதீர்கள். பங்குச் சந்தைப் பக்கம் மட்டும் இந்தப் பணம் போகக் கூடாது. தெருவில் யாரோ நடத்தும் தீபாவளிச் சீட்டும் வேண்டாம். அது பத்திரமா என்பது ஒரு கேள்வி. பத்திரமாகவே இருந்தாலும் கைக்கு வருவது அக்டோபரில், அதாவது போனஸுக்கு உள்ள அதே கோளாறு. போனஸ் வந்தால் முதலில் அவசரகால நிதியில் போடுங்கள். உங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை, அதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

17,000 ரூபாய் துணி, பட்டாசுக் கணக்கில் ஒன்றிரண்டு மட்டும். பெரியவர்களுக்கான சேலை, வேட்டியை ஆடித் தள்ளுபடியில் எடுத்துவிடலாம்; பிள்ளைகளுக்கு அளவு மாறும் என்பதால் பிறகு. பட்டாசு சென்னையில் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள்! கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சிவகாசியை வைத்துக்கொண்டு ஏன் சென்னையிலிருந்து தூக்கிப் போனீர்கள் என்று புரியவில்லை. ரயிலில் பட்டாசு கொண்டுபோவது சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை வரைக்கும் போகும். தமிழ்நாட்டில் வெடிக்க அனுமதிக்கும் நேரமே காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. அதற்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று பையனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

பொங்கலைப் பற்றி ஒரு யோசனை, சம்மதம் வந்தால் மட்டும். பெரியவர்கள் உடம்பு ஒத்துழைக்கும் நிலையில் இருந்தால், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் இங்கே வரட்டும். பண்டிகைக்கு முந்தின நாள்களில் சென்னையிலிருந்து போகும் வண்டிகள்தான் பிதுங்கும். சென்னை நோக்கி வருகிற வண்டிகளில் சாதாரணமாக இடம் கிடைக்கும். பண்டிகை முடிந்து எல்லோரும் சென்னைக்குத் திரும்பும்போது அவர்கள் ஊருக்குக் கிளம்பினால் அதுவும் எளிது. மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றுபோனது, அதை எதிர்பார்க்க வேண்டாம். கீழ்ப் படுக்கையில் முன்னுரிமை மட்டும் உண்டு.

உங்களில் ஒருவர் பழைய வருமான வரி முறையில் இருந்து, சம்பளத்தில் எல்டிஏ (விடுப்புப் பயணப்படி) இருந்தால், விடுப்பு எடுத்துச் சொந்த ஊருக்குப் போன பயணச் செலவையும் அதில் காட்டலாம். சுற்றுலா போனால்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நான்கு காலண்டர் ஆண்டுகள் கொண்ட தொகுப்பில் இரண்டு பயணத்துக்குச் சலுகை. இப்போது நடப்பது 2026 முதல் 2029 வரையிலான தொகுப்பு. டிக்கெட் செலவு மட்டும்தான், துணியும் சாப்பாடும் சேராது. ஒரே பயணத்தைக் கணவரும் மனைவியும் தனித்தனியே காட்டக் கூடாது. புதிய வரி முறை என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

கடைசியாகக் கணவரின் கார். தென்காசி போய்வர 1,280 கிலோமீட்டர் என்று வைத்தால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 85 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய் என்றாலே 8,500. சுங்கச்சாவடி தனி. த்ரீ ஏசி டிக்கெட்டைவிட இதுவே அதிகம். அதற்கு மேல் அவர் பார்த்து வைத்திருக்கும் பழைய வண்டிக்கு மாதம் 9,000 ரூபாய் தவணை, அதாவது வருஷத்துக்கு 1,08,000. இன்ஷூரன்ஸ், சர்வீஸ் இன்னும் சேர்க்கவில்லை. பண்டிகைக் கூட்டத்தில் பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் இரண்டு முறை தூங்கி எழுந்துவிடுவார்கள். அப்புறம் இரவெல்லாம் அவரே ஓட்ட வேண்டும். ஊருக்குப் போவதற்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பதே என் பதில். தினசரி அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி என்று வேறு தேவையும் இருந்தால், வண்டியின் விலை, கையில் உள்ள முன்பணம், இப்போது மாதம் ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் ஆகும் செலவு மூன்றையும் எழுதி அனுப்புங்கள், பார்க்கலாம்.