முதல் போட்ட கறி

கேள்வி: ஆசிரியர் ஐயா, உங்கள் கையால் சமைத்து, 'அட, நன்றாக வந்திருக்கிறதே' என்று நீங்கள் பெருமைப்பட்ட முதல் கறி எது? என் மகன் போன வாரம்தான் தானாக ரசம் வைத்தான். மூன்று நாளாகத் தெருவெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறான். அதனால் கேட்கிறேன். செய்முறையும் அளவும் தரவும்.
– ஒரு வாசகி, மோல்மேன்

பதில்: மகனுக்கு என் ஆசி. நுரை கூடும் நேரம் பார்த்து ரசத்தை இறக்கத் தெரிந்தவன் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வான்.

நீங்கள் பாட்டுக்கு 'முதல்' என்று எழுதிவிட்டீர்கள் அம்மா. பழைய ரங்கூன் தமிழன் காதில் அந்தச் சொல் விழுந்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தோன்றாது. வட்டி எவ்வளவு என்றுதான் கேட்பான். முதல் போட்டவர் முதலாளி. அவருக்குக் கீழே மேலாள், மேலாளுக்கு அடுத்து அடுத்தாள், எல்லோருக்கும் கீழே பெட்டியடிப் பையன். என் அப்பா 1933-ல், பதின்மூன்று வயதில், கப்பலிலிருந்து இறங்கி மொகல் தெருவில், செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய ஒரு கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர். இன்றைக்கு ஷ்வே பொன் தா தெரு என்கிறோமே, அதுதான்.

அவர் வந்த நேரம் அப்படி. நெல் விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்தது. கடன் வாங்கிய சம்சாரியால் வட்டியே கட்ட முடியவில்லை, முதலுக்கு எங்கே போவான்? நிலத்தை எழுதிக் கொடுத்தான். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையிலிருந்த சாகுபடி நிலம் 6 சதவீதம். 1938-ல் அது 25 சதவீதம். ஊரே செட்டியாரைத் திட்டியது. செட்டியாரோ, 'நான் கேட்டது பணம், சேற்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்' என்று தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இதில் யார் பக்கம் நியாயம் என்று இந்தப் பக்கத்தில் நான் எழுதப்போக, இரண்டு பக்கமும் எனக்குக் கடிதம் போட்டுத் திட்டியது வேறு கதை.

போட்ட முதல் திரும்பி வராது என்ற பாடத்தை அப்பா பெட்டியடியிலேயே படித்துவிட்டார். 1942-ல் ஜப்பான் படைக்குப் பயந்து இம்பால் வரை நடந்தார். 1946-ல் மறுபடி வந்தார். 1964-ல் அவர் கணக்கெழுதிய கடை அரசுடைமை ஆனது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அப்பாவிடம் 100 கியாட் நோட்டே கிடையாது. வாழ்க்கையில் அந்த ஒரு நஷ்டத்திலிருந்துதான் அவர் தப்பினார்.

இப்போது கறி. வருஷம் 1967. ஒரு காலத்தில் உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்த நாட்டில் அரிசித் தட்டுப்பாடு வந்த வருஷம். எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மா என் தங்கையைப் பெற ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள், அப்பத்தா துணைக்குப் போயிருந்தாள். அப்பா சைக்கிளில் வெற்றிலை விற்கப் போயிருந்தார். கூடையில் அரை வீசை விரால் மீன் துள்ளிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் எங்கள் அடோ. பர்மிய அத்தைமார்களை அப்படித்தான் கூப்பிடுவோம். வேலியைத் தாண்டாமல், செரூட்டை வாயிலிருந்து எடுக்காமல், அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஊறவைத்த மிளகாய் எல்லாவற்றையும் கல்லில் இடித்தேன். 'எண்ணெய் ஊற்று' என்றாள். ஊற்றினேன். 'இன்னும்' என்றாள். பங்கீட்டில் வாங்கிய கடலை எண்ணெய், ஒரு வாரத்துக்கு உள்ளது, அரைச் சீசா. 'இன்னும்' என்றாள். சீசா காலி. பிறகு மீனைப் போட்டு, தண்ணீர் விட்டு, அடுப்பைத் தணித்தேன். அப்புறம் அரைமணி நேரம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: 'ஸீ ப்யன் பீலா?'

ஸீ என்றால் எண்ணெய். ப்யன் என்றால் திரும்புதல். எண்ணெய் திரும்பிவிட்டதா என்று கேட்கிறாள். ஊற்றிய எண்ணெயை மசாலா முதலில் விழுங்கிவிடும். தண்ணீரெல்லாம் வற்றியதும் அதே எண்ணெய் மேலே வந்து நிற்கும். அதற்குப் பெயர்தான் ஸீப்யன் கறி. நம் வீட்டுப் பெண்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள், ஆனால் 'எண்ணெய் பிரியும் வரை வதக்கு' என்பார்கள். நமக்குப் பிரிகிறது, இவர்களுக்குத் திரும்பி வருகிறது. ஊருக்குக் கப்பலேறிப் போவதற்கும் பர்மியத்தில் இதே ப்யன்தான். அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் பாதிப்பேர் ப்யன்.

ராத்திரி அப்பா வந்து மூடியைத் திறந்தார். கறிக்கு மேலே ஒரு விரல் உயரத்துக்குச் செக்கச்செவேல் என்று எண்ணெய்.

'எண்ணெய்ச் சீசா எங்கேடா?'

'எல்லாம் திரும்பி வந்துருச்சுப்பா.'

கொஞ்ச நேரம் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சிரித்தார். 'முப்பத்துநாலு வருஷத்துல போட்ட முதல் அப்படியே திரும்பி வந்து இன்னிக்குத்தான்டா பார்க்கிறேன்!' மூன்று தட்டு சோறு சாப்பிட்டார். பெருமைப்பட்டாயா என்று கேட்டீர்களே, அந்த மூன்றாவது தட்டில்தான்.

அந்தக் கறியில் ஙாப்பியும், அதாவது மீனை உப்பிட்டுப் புளிக்கவைத்த பர்மிய விழுதும், சேர்ந்தது. இங்கே எனக்கும் எங்கள் புரூஃப் ரீடருக்கும் இருபது வருஷச் சண்டை. நான் ஙாப்பி என்று எழுதுவேன், அவர் 'நாப்பி' என்று திருத்துவார். தமிழ்ச் சொல் ங-வில் தொடங்காதாம். நாப்பி என்றால் கைக்குழந்தைக்குக் கட்டும் துணி ஐயா, நாற்றத்தில் போட்டி போடலாம், அதற்காகக் கறியில் போட முடியுமா? அந்த ங பாவம். ஆத்திசூடியில் ஒரு நாள் கூலி வேலை, மற்ற நாளெல்லாம் தலையில் புள்ளியோடு க-வுக்கு எடுபிடி. சொல்லுக்கு முன்னால் நிற்க ஊரில் யாரும் அதற்கு இடம் கொடுத்ததில்லை. ஊரில் பிழைக்க வழியில்லாதவன் செய்ததை அதுவும் செய்யட்டுமே, பர்மாவுக்குக் கப்பலேறட்டும்! இங்கே மீனும் ஙா, ஐந்தும் ஙா, ஓசையைக் கொஞ்சம் இறக்கினால் நானும் ஙா. வந்த அன்றைக்கே மேலாள் உத்தியோகம். கீழே எங்காவது 'நாப்பி' என்று கண்டால் அது என் கை அல்ல.

அளவு கேட்டீர்கள். மீன் அரை வீசை என்றேன். சென்ற மாதம் சென்னையிலிருந்து வந்த உறவுக்காரப் பையன், 'வீசையா, அது பர்மியச் சொல்லா மாமா?' என்று கேட்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே கிலோ வந்து வீசையைத் துரத்திவிட்டது. இங்கே சந்தையில் பர்மியர் பெய்தா என்பார்கள், நாம் வீசை என்போம், வெள்ளைக்காரன் விஸ் என்று எழுதியதும் நம் வீசையைத்தான். ஊர் வீசை ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். பர்மா வீசை 1 கிலோ 630 கிராமுக்குக் கொஞ்சம் மேல். கடல் தாண்டியதில் அது ஒன்றுதான் சதை போட்டிருக்கிறது.

ஆக, அரை வீசை விரால், மஞ்சளும் உப்பும் தடவியது. வெங்காயம் பத்து, முழுப்பூண்டு ஒன்று, கட்டைவிரல் அளவு இஞ்சி, காய்ந்த மிளகாய் ஆறு, தக்காளி இரண்டு, நாப்பி ஒரு சுண்டைக்காய் அளவு. எண்ணெய் உங்கள் வீட்டுக்காரர் பார்க்காத நேரத்தில் ஊற்றும் அளவு.

மிஞ்சிய எண்ணெய் என்ன ஆனது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அப்பா அதைக் கரண்டியால் வழித்துப் பழைய சீசாவிலேயே ஊற்றி வைத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. அப்பத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, அடுப்பை மெழுகிச் சாம்பார் வைத்தாள். வெள்ளிக்கிழமையில் கவிச்சி பட்ட சட்டியைக்கூடத் தொடமாட்டாள். தாளிக்க எடுத்தது அந்தச் சீசா. மூக்குப்பொடி போட்டுப் போட்டு அவள் மூக்கு எப்போதோ வேலையை விட்டிருந்தது. 'இன்னிக்குச் சாம்பார் என்னமா வந்திருக்கு பாரு' என்று இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டாள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. 1981-ல் அவள் கண்மூடும்வரை எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.